பேசிப் பார்த்தவர்

அக்காவின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு தேடிப் போக ஓர் ஆள் மதுரையில் இன்னும் இருக்கிறான். சிம்மக்கல்லில் அவர் வாழை இலைக் கடை போட்டிருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். தன் தங்கச்சியையும் அவள் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அக்கா எங்கே போனார் என்று என்னிடம் எத்தனையோ பேர் கேட்டாயிற்று. தெரியாது, தெரியாது என்று சொல்லிச் சொல்லி, ஞாயிறு தோறும் பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளை நடத்துகிற என் வாய் பொய்க்கு நன்றாகப் பழகிவிட்டது.

வாரத்தில் ஐந்து நாள் நான் கணக்கு டீச்சர். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும், ஆரப்பாளையத்துக்கும் காளவாசலுக்கும் நடுவில் இருக்கிற எங்கள் கோயிலில் உறுதிபூசுதல் வகுப்பு எடுப்பேன். கைக்குழந்தையாக ஞானஸ்நானம் வாங்கிய பிள்ளை வளர்ந்து, சுயபுத்தியோடு ‘விசுவசிக்கிறேன்’ என்று சொல்ல, ஆயர் என்கிற பிஷப் வந்து நெற்றியில் எண்ணெய் பூசுகிற சடங்கு அது. எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பிள்ளைகள்தான் வருவார்கள். அந்த வருடம் முதல் வகுப்பில் கடைசி பெஞ்சில் நாற்பது வயதுப் பெண் ஒருவர் உட்கார்ந்திருந்தார். விரலெல்லாம் வாழைக்கறை.

“ஆன்ட்டி, பேரண்ட்ஸ் மீட்டிங் அடுத்த வாரம்” என்று அவருக்கு முன் பெஞ்சிலிருந்து ஒருவன் திரும்பிச் சிரித்தான். நான் சிலுவை அடையாளம் போடக் கையை நெற்றிக்குக் கொண்டுபோயிருந்தேன். பிதா என்பதற்குள் பளார் என்று விழுந்தது. அவன் பெஞ்சோடு சரிந்தான். வகுப்பே எழுந்து நின்றுவிட்டது.

“எம்புட்டோ பேசிப் பாத்தேன் டீச்சர். கேக்க மாட்டேங்குறான்” என்றார் அக்கா, ரொம்ப வருத்தமாக.

அவர் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. அதுதான் அக்கா. கை முதலில் போகும், ‘பேசிப் பாத்தேன்’ பின்னால் வரும். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே அவருக்கு இருக்காது. மனசுக்குள் உண்மையாகவே பேசிப் பார்த்திருப்பார் போல, அது நமக்குத்தான் கேட்காது.

இலை வாங்க ஒருமுறை சிம்மக்கல் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு மெஸ்காரர் இலைக்கட்டைப் பிரித்துப் பார்த்து, “எல்லாம் கிழிசல், உன்னை மாதிரியே” என்று அக்கா மூஞ்சியில் விட்டெறிந்தார். அக்கா கையில் இருந்த வாழைமட்டை அவர் காதோரம் இறங்கியது. இரண்டாவது அடிக்கு அவர் ரோட்டில் கிடந்தார். டவுன் பஸ்காரன் பிரேக் போட்டு நிறுத்தி, இறங்கி வந்து வேடிக்கை பார்த்தான். போலீஸ்காரர் வந்ததும் அக்கா அவரிடம் சொன்ன முதல் வாக்கியம் எதுவென்று நான் எழுத வேண்டியதில்லை. போலீஸ்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் அன்றைக்கு வாங்கிய இலையை பஸ்ஸிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

இந்தக் கையால்தான் அவருக்கு உறுதிபூசுதல் இல்லாமல் போனது. எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோயில் வட்டாரத்தில், அந்தக் கதை தெரியாத ஆள் கிடையாது. எனக்கு அப்போது ஐந்து வயது. என் அம்மா அதை, தெருக்காரர்கள் வீடு வீடாகக் கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டங்களில் சொல்லிச் சொல்லியே எனக்கு மனப்பாடம்.

அந்தக் காலத்தில் இந்த வகுப்பை எடுத்த உபதேசியார் பிள்ளைகளை மிரட்டி வைத்திருந்தாராம். “ஆயர் கன்னத்துல ஒண்ணு குடுப்பாரு. கண்ணைச் சிமிட்டாம வாங்கிக்கிடணும். யேசுவோட படைவீரங்கன்னா அடி தாங்கணும்.” அப்படி ஒரு வழக்கம் முன்பு இருந்தது நிஜம்தான், விசுவாசத்துக்காக அடி வாங்கவும் தயார் என்பதற்கு அடையாளமாக ஒரு சின்னத் தட்டு. சடங்கை மாற்றியபோது அதை எடுத்துவிட்டார்கள். இருந்தாலும் வயதான ஆயர் யாராவது வந்தால், சமாதானம் சொல்லும்போது பழைய பழக்கத்தில் கன்னத்தைத் தொட்டுவிடுவார். அன்று வந்தவரும் தொடப் போனார். பதின்மூன்று வயது அக்காவுக்கு வீட்டில் தினமும் அப்பன் கையால் அடி. மேலே வருகிற கையைக் கண்டால் ஒன்று ஓட வேண்டும், இல்லையென்றால் கடிக்க வேண்டும், அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆயர் கையைப் பிடித்துக் கட்டைவிரலில் கடித்தார். ரத்தம் வந்துவிட்டது. கோயிலே கத்த, நெற்றியில் எண்ணெய் வழிய வழிய நடுப்பாதையில் ஓடி, கேட்டைத் தாண்டி மெயின்ரோடு வரைக்கும் போய்விட்டார். அப்பன் அன்று இரவு அவர் முதுகில் பெல்ட்டால் விளாசியதை என் அம்மா கதையில் சேர்ப்பதில்லை. அதை அக்காவே என்னிடம் சொன்னார்.

உபதேசியார் பதிவேட்டில் அவர் பெயர் மேல் சிவப்பு மையால் கோடு கிழித்தார். ‘ஆயரைக் கடிச்சவ’ என்று பெயராயிற்று. அக்கா அதற்கப்புறம் பூசைக்கு வந்தால் கோயில் வாசலிலேயே நின்றுகொள்வார், அப்பம் வாங்குகிற நற்கருணைக்குக்கூட உள்ளே வர மாட்டார்.

இருபத்தேழு வருடம் கழித்து எதற்கு வந்தார்? தங்கச்சிக்காக. அம்மா செத்தபோது தங்கச்சிக்கு மூன்று வயது, அக்காதான் வளர்த்தது. இலை விற்று, நர்சிங் படிக்க வைத்து, நகை போட்டு, ஆரப்பாளையத்தில் ஒரு லேத்துப் பட்டறைக்காரனுக்குக் கட்டிக்கொடுத்தார். அவன் முதல் வருடமே கை நீட்டினான். கேட்கப் போன அக்காவிடம் ஒரு பல்லைப் பறிகொடுத்தான். அன்றோடு “உங்கக்கா இந்த வாசலை மிதிச்சா, உன்னைத் தொலைச்சிருவேன்” என்று மனைவியிடம் சொல்லிவிட்டான். நாலு வருடம் அக்கா தங்கச்சி வீட்டுக்குள் போகவில்லை. எதிர்த்த வீட்டு மாடியிலிருந்து யாராவது போன் போட்டு, “இன்னைக்கும் அடிச்சான்” என்று சொல்வார்கள், அவ்வளவுதான்.

அந்த வருடம் பெண் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்தி நிற்கிற ஞானத்தாய் அக்காதான் என்று தங்கச்சி ஆஸ்பத்திரிப் படுக்கையிலேயே பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். அன்பியத்துப் பெரியவர்கள் எதிரில் அவனும் சரி என்று தலையாட்டினான். உறுதிபூசுதல் வாங்கிய ஆள்தான் ஞானத்தாயாக நிற்க முடியும், அக்கா வாங்கவில்லை என்பது அவனுக்குத் தெரியும்.

“ஞானத்தாய வாசல்ல நிக்க வைக்க எவனாலயும் முடியாது டீச்சர்” என்றார் அக்கா முதல் வாரமே என்னிடம். “பொறந்தநாளு, பண்டிகைன்னு நான் பாட்டுக்கு உள்ள போவேன். நான் உள்ள போயிட்டா அவன் கை நீட்டுவானா? எனக்கு அம்புட்டுதான் வேணும். மோட்சம் கீட்சமெல்லாம் அப்புறம்.”

எங்கள் கோயில் பாதிரியாரான பங்குச்சாமி சின்ன வயது, சட்டம் பேசுகிறவர். மெஸ்காரர் கதை அவர் காதுக்குப் போயிருந்தது. அக்காவைக் கூப்பிட்டு, “ஆறு மாசம். உங்க கை ஒருத்தர் மேல படக் கூடாது. ஒரே ஒரு கம்ப்ளைன்ட் வந்தாலும் பேரை அடிச்சிருவேன்” என்றார். என் பக்கம் திரும்பி, “டீச்சர், நீங்கதான் பொறுப்பு” என்றார். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. சண்டைக்காரி ஒருத்தியைப் பரிசுத்த ஆவிக்குத் தயார் செய்யப் போகிறேனாம்! இன்று நினைத்தால் என் மூஞ்சியில் நானே துப்பிக்கொள்ளலாம் என்றிருக்கிறது.

அக்கா தயாரானார், அதைச் சொல்ல வேண்டும். வகுப்பில் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து, அதன் மேல் உட்கார்ந்துகொள்வார். வலது மணிக்கட்டில் ஜெபமாலையை நாலு சுற்றுச் சுற்றியிருப்பார். கை கிளம்பினால் மணி சலசலக்கும், உடனே இறங்கிவிடும். கடையில் யாராவது ஏடாகூடமாகப் பேசினால் ஒரு நல்ல இலையை எடுத்து நார் நாராகக் கிழிப்பார். ஆவியானவரின் ஏழு கொடைகளில் ‘திடம்’ ஒன்றுதான் அவருக்குக் கடைசி வரை ஞாபகம் இருந்தது. செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்கிற பாவசங்கீர்த்தனப் பாடத்தின்போது கை தூக்கி ஒரு சந்தேகம் கேட்டார்.

“மனசுல அடிச்சா அதுவும் சேருமா டீச்சர்?”

“சேரும்க்கா.”

“அய்யோ. இன்னைக்குக் காலையில மட்டும் நாலு பேரு.”

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரிடம் அறை வாங்கிய பயல்தான் அதிகம் சிரித்தான். அதற்குள் அவர்கள் இருவரும் சிநேகம்.

பெந்தகோஸ்தே ஞாயிறு அன்று உறுதிபூசுதல், அதற்கு அடுத்த ஞாயிறு குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று முடிவாயிற்று. ஐந்தரை மாதம் போய்விட்டது. ஒரு புகார் இல்லை.

கடைசி இரண்டு வாரம் பாக்கி. வகுப்பு முடிந்து அக்காவைச் சிம்மக்கல் பஸ் ஏற்றிவிட ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குக் கூடப் போனேன். அங்கே தங்கச்சி கைக்குழந்தையோடு நின்றுகொண்டிருந்தாள், கையில் ஒரு துணிப்பை. “முடியலக்கா, உன்கூடவே வாரேன்” என்றாள். அக்கா பையை வாங்குவதற்குள் அவன் பைக்கைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தான்.

தங்கச்சியின் பின்னலைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தான். அவள் குழந்தையை நெஞ்சோடு அணைத்தபடி மண்டியிட்டாள். அவன் பார்த்தது அக்காவைத்தான்.

“அடிங்க மதினி. ஒரே ஒரு அடி. நேரா சாமியார்ட்ட போறேன், லிஸ்ட்ல உங்க பேரு காலி. எம் புள்ளைக்கு எங்கக்கா நிக்கும்.”

சொல்லிவிட்டுத் தங்கச்சியின் இடது கன்னத்தில் அறைந்தான். அக்காவின் மணிக்கட்டில் மணி சலசலத்தது. நான் இரண்டு கைகளாலும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். “வேணாம்க்கா! பதினாலு நாளுதான். அஞ்சரை மாசம் வீணாப் போயிரும்க்கா!” என்று கத்தினேன். அந்தக் கைக்கு இருந்த பலத்துக்கு என்னைத் தூக்கி எறிந்திருக்கலாம். எறியவில்லை. என் பேச்சைக் கேட்டார்.

“மாப்ள, கும்புட்டுக் கேக்குறேன். புள்ள கையில இருக்கு. வேணாம் மாப்ள” என்றார். ஐந்தரை மாதத்தில் கற்றுக்கொண்ட பேச்சு அவ்வளவும் பேசினார். அவன் மறுபடியும் அதே கன்னத்தில் அறைந்தான். மறுபடியும். மூன்றாவது அடி காதோடு விழுந்தது. தேனி பஸ் டிரைவர் ஒருவர் இறங்கி வந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். அப்போது தங்கச்சியின் காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கி, குழந்தையின் தொப்பியில் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் அவளை பைக்கில் ஏற்றிக் கூட்டிப் போய்விட்டான். அவளும் போனாள். போகாமல் நின்றிருந்தால் அக்காவின் கை என்ன செய்திருக்கும் என்பது அவளுக்கும் தெரியும்.

பெரியாஸ்பத்திரியில் காதுச் சவ்வு போய்விட்டது, இடது காது இனிமேல் கேட்காது என்றார்கள். அக்காவின் மணிக்கட்டில் என் நகம் பதிந்த இடம் ஒரு வாரம் கன்றிக் கிடந்தது. “நல்ல புடி டீச்சர்” என்றார். ஒரு பெண்ணின் காது போனாலும் சடங்கு நிலைத்தது, குழந்தைக்கு ஒரு ஞானத்தாய் கிடைக்கப் போகிறாள் என்று நான் என்னைத் தேற்றிக்கொண்டேன்.

பெந்தகோஸ்தேக்கு முந்தின நாள் சனிக்கிழமை ஒத்திகை. வருடா வருடம் நான்தான் ஆயர். கிண்ணத்தில் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு பீடத்துக்கு முன்னால் நிற்பேன். பிள்ளைகள் வரிசையாக வருவார்கள். பெயர் கேட்டு, நெற்றியில் சிலுவை போட்டு, சமாதானம் சொல்லிக் கன்னத்தைத் தொட்டு அனுப்புவேன். கடைசியாக அக்கா வந்தார். நெற்றியில் எண்ணெய் வைத்தேன். சமாதானம் சொல்லிக்கொண்டே கையைக் கன்னத்துக்குக் கொண்டுபோனேன். சட்டென்று என் மணிக்கட்டு அவர் பிடியில் இருந்தது. எலும்பு நொறுங்கிவிடும் போல வலித்தது.

“மன்னிச்சிருங்க டீச்சர்” என்று உடனே விட்டுவிட்டார். “அன்னைக்கும் இப்பிடித்தான். இந்தா, இதே எடம். எண்ணெ வச்சாரு, என்னமோ சொன்னாரு, கைய இப்பிடிக் கொண்டாந்தாரு…”

அவர் நிறுத்திக்கொண்டார். தன் நெற்றியைத் தொட்டு, விரலைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

“எண்ணெ முதல்லயே வச்சிருவாங்களா டீச்சர்?”

நான் பத்து வருடமாக இந்தச் சடங்கைப் பிள்ளைகளுக்கு வரிசைப்படி நடத்துகிறவள். முதலில் எண்ணெய், அதற்கப்புறம்தான் கன்னம். நெற்றியில் எண்ணெய் வழிய வழிய ஓடினாள் என்ற கதையை ஐந்து வயதிலிருந்து கேட்டு, சிரித்து, நானும் நாலு பேருக்குச் சொன்னவள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் பங்கில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பங்குச்சாமியிடம் ஓடினோம். அவர் பழைய பதிவேட்டை எடுத்துப் பார்த்தார், சிவப்புக் கோடு அப்படியே இருந்தது. என் அம்மாவையும் இன்னும் இரண்டு வயசாளிகளையும் போனில் கேட்டார். எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள், எண்ணெய் வைத்த கட்டைவிரலைத்தான் கடித்தாள் என்று. அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். “எண்ணெய் வச்சு வார்த்தையும் சொல்லிட்டா அது முடிஞ்சுபோச்சு. ரெண்டாவது தடவை பூசவே முடியாது. கோடு போட்டது உபதேசியார், அது செல்லாது. நீங்க இருபத்தேழு வருஷமா உறுதிபூசுதல் வாங்கினவங்கம்மா.”

அக்கா சந்தோஷப்படவில்லை. ஜெபமாலையை மணிக்கட்டிலிருந்து ஒவ்வொரு சுற்றாகப் பிரித்து மேஜை மேல் வைத்தார்.

“அப்ப அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல என் கைய எதுக்கு டீச்சர் புடிச்சீங்க?”

நான் அழுதுவிட்டேன். அவர் கை மேலே வந்தது. அறைவார் என்று நினைத்தேன், அறைந்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவர் தன் நெற்றி எண்ணெயை முந்தானையால் துடைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் பிள்ளைகள் எண்ணெய் வாங்கியபோது அக்கா உள்ளே, கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நற்கருணைக்கு வரிசையில் நின்று போனார். அடுத்த ஞாயிறு ஞானஸ்நானத் தொட்டியருகே அவன் தன் அக்காவைக் கூட்டி வந்து நிறுத்தினான். “இவுகதான் பூசலையே சாமி” என்றான்.

“பூசி இருபத்தேழு வருஷமாச்சு. நீ அப்ப டவுசர் போட்டுருந்திருப்ப. தள்ளி நில்லு” என்றார் பங்குச்சாமி. அவருக்கும் உள்ளே எதுவோ குத்திக்கொண்டிருந்தது. அக்கா குழந்தையை ஏந்தி நின்றார். சாத்தானை விட்டுவிடுகிறீர்களா என்று கேட்டபோது கோயில் முழுக்கக் கேட்கும்படி “விட்டுவிடுகிறேன்” என்றார்.

எல்லாம் முடிந்து கோயில் கேட்டுக்கு வந்தோம். அக்கா கையில் குழந்தை, பக்கத்தில் தங்கச்சி, இந்தப் பக்கம் நான். அவன் ஆட்டோவைக் கூப்பிட்டு நிறுத்திவிட்டு, “ஏய், ஏறு” என்றான். தங்கச்சி குழந்தையின் சட்டைக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவன் நின்றது அவளுடைய இடது பக்கம். மறுபடியும் கூப்பிட்டான். அவள் திரும்பவில்லை.

“கூப்புடுறது காதுல விழலையாடி?” என்று கையை ஓங்கிக்கொண்டு வந்தான்.

“விழாது மாப்ள” என்றார் அக்கா. சத்தமே உயரவில்லை. “அந்தக் காது நீங்க அடிச்ச காது. இப்பிடி வலப்பக்கமா வந்து கூப்புடுங்க, கேக்கும்.”

“ஞானத்தாய் வேலை உள்ளயே முடிஞ்சுச்சு மதினி. புள்ளையக் குடுத்துட்டு எலை விக்கப் போங்க.”

“கைய எறக்குங்க மாப்ள. கோயில் வாசல். புள்ளைக்கு இன்னும் தலையில தண்ணிகூடக் காயல. நல்லாச் சொல்றேன், எறக்குங்க.”

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே தங்கச்சியை அறைந்தான், அதே பக்கம்.

அக்கா குழந்தையை என்னிடம் நீட்டினார். நான் வாங்கினேன். நழுவாமல் பிடித்திருக்கிறேனா என்று பார்த்து, என் முழங்கையைச் சரிசெய்துவிட்டார். அவர் மணிக்கட்டு வெறுமையாக இருந்தது.

“டீச்சர், பேசிப் பாத்தேன்ல?”

“பாத்தீங்கக்கா” என்றேன்.

நான் குழந்தையின் முகத்தை என் தோள் பக்கம் திருப்பிக்கொண்டேன். முதல் அறைக்கே அவன் ஆட்டோவின் மேல் போய் விழுந்த சத்தம் கேட்டது. அப்புறமும் கேட்டது. யாரோ என்னைப் பார்த்து, “டீச்சர், புடிங்க, அந்தம்மாவைப் புடிங்க” என்று கத்தினார்கள். எப்படிப் பிடிப்பேன்? என் இரண்டு கைகளிலும் பிள்ளை இருந்தது.